காளானும் இன்க்ரிமெண்ட்டும்

கொடைக்கானலில் நாலு நாள் மழை பெய்து ஐந்தாம் நாள் வெயில் அடித்தால், மேய்ச்சல் புல்வெளியில் மாட்டுச் சாணம் கிடந்த இடமாகப் பார்த்து ஒரு காளான் முளைக்கும். வெளிர் பழுப்புத் தொப்பி. காம்பை நசுக்கினால் நீலம் பாரிக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதைச் சாப்பிட்டவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இன்று சாப்பிடுகிறவர்கள் வேலையில் முன்னேறுகிறார்கள், அல்லது முன்னேறுவதாக எக்செல்லில் குறித்து வைக்கிறார்கள். காளான் அதேதான். சாணமும் அதேதான்.

இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் இருந்து பார்க்கிற யோகம் எனக்கு வாய்த்தது. 1976-இல் தபால் குமாஸ்தாவாக மலை ஏறினேன். அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டம். தபாலும் தந்தியும் ஒரே துறை. ஊருக்குள் "ஹிப்பி" என்பது ஒரு வசவு; காது மறைய முடி வளர்த்த பையனை எந்த அப்பாவும் அந்தச் சொல்லால்தான் அடிப்பார். என் தலையும் அப்படித்தான் இருந்தது, கூடவே பெல்பாட்டம் வேறு. அசல் ஹிப்பியைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பார்த்த பிறகுதான், நாங்கள் வளர்த்தது வெறும் முடி என்று புரிந்தது.

நிலையான முகவரி இல்லாதவர்களுக்குத் தபால் நிலையத்தின் பேருக்கே கடிதம் வரும். உறையின் மேல் "போஸ்ட் ரெஸ்டான்ட்" என்று எழுதியிருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிப் போகலாம். அந்த அலமாரி என் பொறுப்பு. கோவாவில் வெயில் தாங்காமல் கிளம்பியவர்கள், கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தவர்கள், வட்டக்கானல் பக்கம் ஓட்டு வீடு எடுத்துத் தங்கியவர்கள், எல்லாரும் ஒருநாள் என் முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். உலகத்தைத் துறந்தாலும் மணியார்டரைத் துறக்க முடியாது.

தந்தியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது விதி. யாருடையது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். சாராம்சத்தைச் சொன்னால் பாதகமில்லை: அப்பா, பணம் அனுப்பு. காலம் என்பதே மாயை என்று முந்தின நாள் எனக்கு விளக்கிய ஜெர்மன்காரர், மறுநாள் கவுன்டர் திறக்கக் கொஞ்சம் தாமதமானதும் என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டிக் கேள்வி கேட்டார்.

அவர்களில் ஒரு தாடிக்காரர் எனக்கு நண்பரானார். கலிபோர்னியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கடிதம் இல்லாத நாளிலும் வந்து நிற்பார். காளானுக்கு ஒரு தல புராணம் உண்டு என்பதை அவரிடம்தான் கேட்டேன். அதில் எனக்குப் பிடித்த இடம், இந்தக் கூத்தையெல்லாம் தொடங்கி வைத்தது ஒரு வங்கி அதிகாரி என்பது. ஜே.பி. மார்கன் வங்கியின் துணைத் தலைவர் கார்டன் வாசன், 1955-இல் மெக்சிகோவின் வாஹாகா மலையில், மரியா சபீனா என்கிற நாட்டு வைத்தியக் கிழவியின் வீட்டில் உட்கார்ந்து காளான் தின்றார். 1957-இல் 'லைஃப்' பத்திரிகையில் படங்களோடு எழுதினார். மறுவருஷமே சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதன் சரக்கைப் பிரித்தெடுத்து, சைலோசைபின் என்று பேர் வைத்தார். எல்.எஸ்.டி.யைச் செய்தவரும் அவரேதான். 1960-இல் ஹார்வர்டில் டிமதி லியரியும் ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் அதைக் கையில் எடுத்தார்கள். 1963-இல் இரண்டு பேருக்கும் அங்கே வேலை போயிற்று. ஆல்பர்ட் 1967-இல் இந்தியாவுக்கு வந்து, நீம் கரோலி பாபாவின் காலடியில் விழுந்து, ராம் தாஸ் ஆனார். கொண்டுவந்த எல்.எஸ்.டி. மாத்திரைகளை பாபாவுக்குக் கொடுத்துப் பார்த்ததாகவும், பாபா அவற்றை விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும் ராம் தாஸே எழுதியிருக்கிறார். தாடிக்காரர் இந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்துவார். நான் அந்த நேரத்தில் ஸ்டாம்பு எண்ணிக்கொண்டிருப்பேன்.

மரியா சபீனாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாள் நோயாளியைக் குணமாக்குவதற்காகக் காளான் சாப்பிட்டவர். கட்டுரை வந்த பிறகு கடவுளைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் சாரி சாரியாக அந்த மலைக்குப் போனார்கள். ஊரின் கோபம் அவர்மேல் திரும்பியது. வீட்டைக் கொளுத்தினார்கள். வறுமையிலேயே 1985-இல் செத்துப்போனார். சுய முன்னேற்றத்துக்காகக் காளான் சாப்பிடுகிற யாரும் இந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் மலையில் அப்படிக் கோபப்பட யாருக்கும் நேரமில்லை. மாடு மேய்க்கிற பையன்கள் இலையில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்து சில்லறை வாங்கிக்கொள்வார்கள். வெள்ளைக்காரர்கள் அதை முட்டையில் அடித்து ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டு, சரிவில் உட்கார்ந்து மேகத்தைப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள். சாயங்காலம் டீக்கடையில் பன் கேட்பார்கள். எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று தாடிக்காரரைக் கேட்டேன். நான் என்கிற ஆள் காணாமல் போக வேண்டும் என்றார். போனாரா என்றால், வாரம் தவறாமல் அந்த ஆளின் பேருக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்தில் சுய முன்னேற்றம் எங்கள் கட்சி. அப்துற் றஹீம், தமிழ்வாணன் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர்கள் நாங்கள். விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பது, கண்ணாடி முன்னால் நின்று தைரியமாகப் பேசிப் பழகுவது, டைப்ரைட்டிங் லோயர், ஹையர், அப்புறம் ஷார்ட்ஹேண்ட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க மறந்தால் வீட்டில் சோறு கிடையாது. அவர்கள் உதறிவிட்டு வந்த மாதிரி ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று நாங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தோம். கவுன்டரின் இரண்டு பக்கமும் நின்று, ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டோம்.

எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. இருபது வயசு சொல்லலாம், ஐரோப்பியப் பையன் ஒருவன். ஒருநாள் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தான். இருட்டிய பிறகும் நடந்தான். பேரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மறுநாளும் தெளியவில்லை, மறுவாரமும் தெளியவில்லை. கோட்டு போட்ட ஒரு பெரியவர் விமானம் பிடித்து, ரயில் பிடித்து வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு இந்தக் காளான் ஆபத்து என்பதால், இன்றைக்கு எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. அவன் போன பிறகும் அவன் பேருக்குக் கடிதங்கள் வந்தன, ஒரே பெண் கையெழுத்தில். கெடு முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன்.

பிறகு கூட்டம் வடிந்தது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்து, சைலோசைபினையும் பட்டியலில் சேர்த்தது. வெகுகாலம் கழித்து, ராணுவ சேவை முடித்த இஸ்ரேல் பிள்ளைகள் வந்து, வட்டக்கானலுக்குக் 'குட்டி இஸ்ரேல்' என்று பேரே வந்துவிட்டது. 2013-இல் தந்தி செத்தது. கொஞ்ச நாளில் நானும் ஓய்வு பெற்று நாயுடுபுரத்தில் வீடு பார்த்துக்கொண்டேன். சமவெளிக்கு இறங்கினால் வியர்க்கிறது.

இனி என் தங்கை மகன். பெங்களூரில் மென்பொருள் கம்பெனி. போன மழைக்காலத்தில் இ-பாஸ் எடுத்து, தன் குழுவோடு மலை ஏறினான். முதல் நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. கையில் லேப்டாப்.

"மாமா, உங்க காலத்துல ஹிப்பிங்க சும்மா தின்னுட்டுத் திரிஞ்சாங்க. ஒரு ப்ராசஸ் கிடையாது."

"ப்ராசஸ் பிடிக்காமத்தான மாப்ள ஓடி வந்தாங்க."

அவன் சிரிக்கவில்லை. எக்செல்லைத் திறந்து காட்டினான். ஜேம்ஸ் ஃபாடிமன் என்கிற அமெரிக்க உளவியலாளர் 2011-இல் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். அதன்படி, மயக்கமே தெரியாத அளவுக்குத் துளியூண்டு ஒருநாள், அப்புறம் இரண்டு நாள் இடைவெளி, மறுபடி துளியூண்டு. பேர் மைக்ரோடோஸிங். சிலிக்கான் பள்ளத்தாக்கில் காப்பிக்கு அடுத்தபடி இதுதான் என்றான். அவனுடைய அட்டவணையில் கவனம், தூக்கம், கற்பனை, பரிவு என்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. அம்மாவோடு போனில் கத்திச் சண்டை போட்ட நாள் எனக்கு நினைவிருந்தது; அன்றைக்குப் பரிவு என்ன என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். ஏழரை.

"அது இடைவெளி நாள் மாமா. கணக்குல வராது."

ஸ்டீவ் ஜாப்ஸ் பேச்சும் வந்தது. எல்.எஸ்.டி. சாப்பிட்டது தன் வாழ்க்கையின் முக்கியமான காரியங்களில் ஒன்று என்று ஜாப்ஸ் சொன்னது உண்மைதான். 1974-இல் அதே நீம் கரோலி பாபாவைத் தேடி இந்தியாவுக்கு வந்ததும் உண்மை. பாபா முந்தின வருஷமே காலமாகிவிட்டிருந்தார். ஆசிரமத்தில் பாபா இல்லை, கலிபோர்னியாவில் கம்பெனி வந்தது. மாப்பிள்ளைக்கு இதில் ஏதோ சூத்திரம் தெரிகிறது. ஜாப்ஸைப் போலவே இந்தியாவில் அலைந்துவிட்டு, கம்பெனி எதுவும் தொடங்காமல் ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கான பேரின் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவன் நான். எனக்கு அந்தச் சூத்திரம் தெரியவில்லை.

இந்த முறை துளியூண்டு இல்லை, முழு அளவாம். ஒருங்கிணைப்பாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருந்தது. சனிக்கிழமை காலை ஆளுக்கொரு அட்டையில் நோக்கம் எழுதுதல். பதினொன்று முதல் நாலு வரை அகந்தை அழிதல். ஐந்து மணிக்கு சுக்குக் காப்பி. ஆறு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து, அழிந்ததைப் பற்றிப் பகிர்தல். ஞாயிறு சாயங்காலம் பஸ். திங்கள் பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங். தாடிக்காரர் மூன்று மழைக்காலம் உட்கார்ந்தும் கரையாத 'நான்', இவர்களுக்குச் சுக்குக் காப்பிக்கு முன்னால் கரைந்தாக வேண்டும். பில்லையும் பார்த்தேன்: மூச்சுப் பயிற்சி, ஒலிக் குளியல், உள்ளூர் உணவு. காளான் உள்ளூர் உணவுக்குள் அடக்கம்.

அட்டைகளில் எழுதியதைப் பிற்பாடு சொன்னான். ஒருவருக்கு வேலையை மற்றவர்களிடம் பிரித்துக் கொடுக்கப் பழக வேண்டும். ஒரு பெண்ணுக்கு மீட்டிங்கில் குறுக்கே பேசுகிறவனை நிறுத்தும் தைரியம் வேண்டும். இதற்கு எதற்குக் காளான், சத்தம் போட்டால் போதுமே. மாப்பிள்ளைக்கு மேலதிகாரிகளைப் பயமில்லாமல் எதிர்கொள்ள வேண்டும். அவனுடைய மேனேஜர் மட்டும் அட்டையில் எதுவும் எழுதாமல் கொடுத்தாராம்.

"போலீஸ் பிடிச்சா?" என்று கேட்டதற்கு, அவன் கேரள உயர் நீதிமன்றத்தை இழுத்தான். 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றம், காளான் என்பது இயற்கையாக முளைக்கிற பூஞ்சை, அதை அப்படியே போதைக் கலவையாகக் கொள்ள முடியாது என்று சொல்லி ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது. அதுவும் நிஜம்தான். "ஜாமீன் வாங்கணும்னா முதல்ல உள்ள போகணும் மாப்ள" என்றேன். சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இன்றும் இருக்கிறது. அதுபோக, இதே சாயலில் கல்லீரலைத் தின்றுவிடுகிற விஷக் காளான்களும் காட்டில் உண்டு. தெருவில் தேன் பாட்டிலைக் காட்டி "ப்ரோ, மஷ்ரூம்?" என்று கிசுகிசுக்கிற பையனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்று யார் சொன்னது? சாதாரண மொட்டுக் காளானைத் தேனில் ஊறப்போட்டு விற்பவர்களும் உண்டு என்று ஊரில் பேச்சு. அதைச் சாப்பிட்டவர்களுக்கும் ஞானம் வருகிறதாம்.

வரும்தான். 2021-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 191 பேர். எல்லாரும் ஏற்கெனவே துளியூண்டு சாப்பிடுகிறவர்கள் அல்லது சாப்பிட நினைத்தவர்கள். தாங்களே சில கேப்ஸ்யூல்களில் மருந்தை அடைத்து, சிலவற்றை வெறுமையாக விட்டு, எது எது என்று தங்களுக்கே தெரியாதபடி கலந்து சாப்பிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு மனநிலை முன்னேறியது. வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியது. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "சாம்பிள் சைஸ் பத்தாது மாமா" என்றான். அவனுடைய எக்செல்லில் சாம்பிள் ஒரே ஒரு ஆள்.

இதற்காகக் காளான் விஷயமே புரட்டு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான புற்றுநோய் கண்ட 51 பேர், சாவை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள். முன்கூட்டிப் பல மணி நேரம் பேசி, ஒரு அறையில் படுக்க வைத்து, கண்ணைக் கட்டி, இசை போட்டு, பக்கத்திலேயே இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு கொடுத்தார்கள். ஆறு மாசம் கழித்துப் பார்த்தபோதும் ஐந்தில் நாலு பேருக்கு மனச்சோர்வும் பயமும் தணிந்தே இருந்தன. அதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. என் மனைவி கடைசி மாசங்களில் ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க விடமாட்டாள். அந்த மாதிரி ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார இரண்டு பேரும், பயத்தைக் குறைக்க ஒரு மருந்தும் சட்டப்படி கிடைக்குமானால், அதற்கான வரிசையில் முன்னால் நிற்பது ஏன் பெங்களூர் மேனேஜர்களாக இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறு மருந்துக்கு அசையாத மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் நோயே வேண்டாம்; இருபத்தொரு வயதும், பையில் டாலரும் இருந்தால் போதும். வரிசை அங்கே எப்படி மாறும் என்று ஊகிக்கலாம்.

நீங்கள் சாப்பிட்டதுண்டா என்று இந்த இடத்தில் எல்லாரும் கேட்பார்கள். மத்திய அரசு ஓய்வூதியம் மாசம் தவறாமல் வருகிறது. நான் இதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை மாப்பிள்ளை சொன்ன அளவில்: ஒருவர் புல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் பெண், குறுக்கே பேசுகிறவனை நிறுத்தினாள். அவன் அப்போது பேசவே இல்லையாம். மாப்பிள்ளைக்குத் தன் நாலாம் வகுப்பு டீச்சர் மேகத்தில் தெரிந்தார். மேனேஜர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர், சுக்குக் காப்பிக்கும் எழுந்திருக்கவில்லை.

மூன்று மாசம் கழித்துத் திண்டுக்கல்லில் இருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நம்ம புள்ளைக்குப் பிரமோஷன். மேனேஜரே ஆக்கிட்டாங்க. பழனிக்கு நேர்ந்திருந்தேன், முருகன் கைவிடல."

வாழ்த்துச் சொல்ல அவனைக் கூப்பிட்டேன். அவன் முருகனைப் பற்றிப் பேசவில்லை. பயம் போய்விட்டதாகவும், கவனம் எட்டரையில் நிலைத்துவிட்டதாகவும் சொன்னான். இருந்த மேனேஜர் என்ன ஆனார் என்று கேட்டேன். அங்கேதான் கொஞ்சம் தயங்கினான். கொடைக்கானலில் இருந்து திரும்பிய திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங்கிலேயே அவர் ராஜினாமாவை அறிவித்துவிட்டாராம். அடுத்த வேலை? இல்லை. காரணம்? தெரியவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறதாம், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களாம். அந்த நாற்காலிதான் இவனுக்கு வந்தது.

"உன் எக்செல்ல இதுக்குக் கட்டம் இருக்கா மாப்ள?"

"அவுட்லையர் மாமா. கணக்குல சேர்க்கக் கூடாது."

அவுட்லையரை நான் போன வாரம்கூடப் பார்த்தேன். வட்டக்கானல் பக்கம் வீடு எடுத்திருக்கிறார். தாடி விட்டிருக்கிறார். சந்தையில் பூண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தார், மோசமாகப் பேசினார்.

தை மாசம் பழனியில் வேண்டுதலை முடிக்க வேண்டும், மொட்டைக்கு நாள் பார் என்று தங்கை எனக்குச் சொல்லியிருந்தாள். நாளும் பார்த்தாயிற்று. நேற்று மாப்பிள்ளை பேசினான். புதுப் பதவியில் தினமும் வீடியோ மீட்டிங் இருக்கிறது, முழு மொட்டை சரிப்படாது, மூன்று கொத்து மட்டும் கத்தரித்துப் பூமுடி கொடுத்தால் முருகன் ஏற்றுக்கொள்வாரா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னான்.